ஆர்8-ஐ எடுத்ததும் வேகம் கூடியது ஏன்?

கேள்வி: ஐயா, சூப்பர் கம்ப்யூட்டர்களை ஒப்பிட எழுதிய பழைய ஃபோர்ட்ரான் பெஞ்ச்மார்க் (வேகத்தை அளக்கும் நிரல்) ஒன்றை சீனியர் கொடுத்தார். அவருடையது இன்டெல் கம்பைலர் (நிரலை மெஷின் மொழிக்கு மாற்றும் மென்பொருள்). எங்கள் லேபில் ஜிஃபோர்ட்ரான். கம்பைல் செய்யும் கட்டளைகள் உள்ள மேக்ஃபைலில் இருந்த '-ஆர்8' ஆப்ஷனை அது ஏற்கவில்லை, எடுத்துவிட்டேன். இப்போது அவருடையதைவிட வேகமாக ஓடுகிறது, ஆனால் விடை ஏழாவது இலக்கத்திலிருந்து மாறுகிறது. எந்த வேகத்தை ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் போடுவது?
— பொறியியல் மாணவி, நாகர்கோவில்

பதில்: இப்போதைக்கு எதையும் போட வேண்டாம், மக்களே. ஏழாவது இலக்கம் என்று கவனித்து எழுதியிருக்கிறீர்களே, பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. 32 பிட் ரியல் (தசம) எண்ணில் நம்பத் தகுந்தது ஏறக்குறைய ஏழு இலக்கம்தான். இந்த மாதிரி நிரல்கள் பல க்ரே நிறுவனத்தின் சூப்பர் கம்ப்யூட்டர்களில் ஓடி வளர்ந்தவை. அங்கே ரியல் என்று சும்மா எழுதினாலே 64 பிட். உங்கள் லேபில் அதே வரி 32 பிட். ரியலை 8 பைட், அதாவது 64 பிட் ஆக்கி அதைச் சரிக்கட்டத்தான் சீனியர் -ஆர்8 போட்டிருக்கிறார். நீங்கள் எடுத்ததும் மெமரியிலிருந்து வர வேண்டிய சுமை பாதியாகிவிட்டது. வடசேரி சந்தைக்கு இரண்டு ஏத்தன்குலை சுமக்க வேண்டியவர் ஒன்றோடு முதலில் வந்தால், அவர்தான் வேகம் என்று சொல்ல முடியுமா?

ஜிஃபோர்ட்ரானில் இதற்கு '-எஃப்டிஃபால்ட்-ரியல்-8' உண்டு. அதை மட்டும் கொடுத்தால் டபுள் பிரிசிஷன் (வழக்கமாக 64 பிட்) என்று அறிவித்த மாறிகள் 128 பிட்டுக்கு ஏறிவிடும். சாதாரண ப்ராசஸரில் அந்தக் கணக்கை மென்பொருள்தான் போட வேண்டும். வேகம் அப்படியே படுத்துவிடும். அதனால் அவற்றை 64 பிட்டிலேயே நிறுத்த, கூடவே '-எஃப்டிஃபால்ட்-டபுள்-8' கொடுங்கள். அப்புறம் கடைசி ஓரிரு இலக்கம் மாறினால் பதற வேண்டாம், கம்பைலர் கூட்டும் வரிசையை மாற்றுவதால் வருவது. அதைவிடப் பெரிதாக மாறினால், ஆரம்ப மதிப்பு கொடுக்காத மாறி எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள்.

நாசா ஏம்ஸ் மையத்தின் என்ஏஎஸ் பெஞ்ச்மார்க்குகள் மேல் எனக்குப் பெரிய மரியாதை. 1991-ல் கணக்கை மட்டும் தாளில் விவரித்து, நிரலை அவரவர் மெஷினுக்கு ஏற்ப எழுதச் சொன்னார்கள். பின்னால் நிரலாகவே கொடுத்தபோதும், ஓடி முடிந்ததும் விடை சரியா என்று அதுவே சோதித்துச் சொல்லும். உங்கள் நிரலிலும் அப்படி ஒரு சோதனையைச் சேருங்கள். ரிப்போர்ட்டில் வேகத்துக்குப் பக்கத்திலேயே கம்பைலர் பதிப்பு, ஆப்ஷன்கள், திருத்திய வரிகள் எல்லாம் இருக்கட்டும். உங்களிடமிருந்து நிரலை வாங்கி ஓட்டப்போகிறவருக்கு அது கட்டாயம் தேவை.

கேள்வி: பழைய வொர்க்ஸ்டேஷனிலிருந்து வந்த பைனரி ஃபைலில் 1 இருக்க வேண்டிய இடத்தில் 16777216 வருகிறது. ஃபைல் கெட்டுவிட்டதா?
— மார்த்தாண்டம் வாசகர்

பதில்: கெடவில்லை. நான்கு பைட்டும் தலைகீழாகப் படிக்கப்படுகின்றன; அந்த வொர்க்ஸ்டேஷன் உயர்மதிப்புப் பைட்டை முதலில் வைக்கும் பிக் எண்டியன் மெஷின், உங்களுடையது அதைக் கடைசியில் வைக்கும் லிட்டில் எண்டியன். ஜிஃபோர்ட்ரான் என்றால் '-எஃப்கன்வர்ட்=பிக்-எண்டியன்' போதும். ஆனால் நிரல் எழுதும் பைனரி ஃபைல்களும் அதே வரிசைக்கு மாறிவிடும். ஒரு ஃபைலுக்கு மட்டும் வேண்டுமென்றால், அதைத் திறக்கும் ஓப்பன் வரியில் கன்வர்ட் என்று குறித்துக்கொள்ளுங்கள்.