கார்க் கண்ணாடியில் எவ்வளவு கறுப்பான படலம் ஒட்டலாம்?

சிங்கப்பூரில் முன் கண்ணாடியும் முன்பக்க ஜன்னல்களும் குறைந்தது 70 விழுக்காடு ஒளியை விட வேண்டும். பின்பக்க ஜன்னல்களுக்கு 25 போதும். பலர் சறுக்குவது கணக்கில். இந்த அளவு படலத்துக்கு மட்டுமன்று, கண்ணாடியையும் சேர்த்து. வெறும் கண்ணாடியே 78 விழுக்காடுதான் விடுகிறது என்றால், 80 விழுக்காட்டுப் படலம் ஒட்டியபின் மிஞ்சுவது 62; முன்பக்கத்தில் அது வாகன ஆய்வில் தேறாது. ஆகவே கடைக்காரரிடம், ஒட்டிய பிறகு உங்கள் கண்முன்னே கருவி வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் வேறு கடை பாருங்கள்.

வெயில் சுடுவதற்குக் கறுப்பு மருந்தன்று. அகச்சிவப்புக் கதிரைத் தடுக்கும் செராமிக் படலம் வெளிறியிருந்தாலும் வெப்பத்தைக் குறைக்கும். உலோகப் பூச்சுள்ளது அலைபேசி, ஜிபிஎஸ் சமிக்ஞையைக் கெடுக்கக்கூடும்.

ஒட்டியபின் சில நாள் ஜன்னலை இறக்காதீர்கள். உள்ளே தெரியும் நீர்க்கொப்புளங்கள் தாமே உலர்ந்துவிடும். தூசி சிக்கியிருந்தால் மட்டும் திரும்பப் போய்க் கேளுங்கள்.