கர்ப்பப்பை இறக்கம்: ஆபரேஷன் இல்லாமல் வளையம் போதுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. நான்கு சுகப்பிரசவம். ஒரு வருடமாக 'அடி தள்ளுது' என்று சொல்லிவந்தார்; இப்போது கர்ப்பப்பை வெளியே தெரிகிறது. சர்க்கரையும் இதய நோயும் உண்டு. ஆபரேஷனுக்குப் பயமாக இருக்கிறது. ஊரில் தனியாக இருக்கிறார். வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. யோனிக்குள் இருந்து கர்ப்பப்பையைத் தாங்கும் சிலிக்கோன் வளையம் (பெஸரி) வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் நன்றாக இருப்பவர்கள் பலர். ஆனால் வைத்துவிட்டு மறந்துபோகக் கூடாத பொருள் அது. அம்மா தனியாக இருக்கிறார் என்பதால் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகப்பேறு புறநோயாளிப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். வளையத்துக்கு மயக்க மருந்து வேண்டாம். மருத்துவர் விரலால் அளந்து, வளையத்தை மடித்து உள்ளே வைப்பார். அளவு சரியாக இருந்தால் வளையத்துக்கும் யோனிச் சுவருக்கும் இடையே ஒரு விரல் நுழையும். அம்மாவுக்கு வளையம் இருப்பதே தெரியாது. வீடு திரும்பும் முன் இருமி, குந்தி உட்கார்ந்து, சிறுநீர் கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிறியதாக இருந்தால் முக்கும்போது விழுந்துவிடும். பெரியதாக இருந்தால் வலிக்கும், சிறுநீர் அடைக்கும், புண்ணாகும். முதல் வளையம் விழுவது சகஜம். அடுத்த அளவைக் கேளுங்கள்.

மாதவிடாய் நின்ற பிறகு உட்சுவர் மெலிந்துவிடுவதால் உராய்ந்து புண் வரும். அதற்கு ஈஸ்ட்ரோஜன் (பெண் ஹார்மோன்) கிரீம் தருவார்கள்: பெரும்பாலும் இரண்டு வாரம் தினமும், பிறகு வாரம் இருமுறை. மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். முதல் பரிசோதனை சில வாரங்களில். அதன்பின் 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறை வளையத்தை எடுத்து, கழுவி, சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் விட்டால் சதைக்குள் புதைந்து, சிறுநீர்ப்பையிலோ மலக்குடலிலோ ஓட்டை விழவும் கூடும். அடுத்த தேதியைச் சர்க்கரை மாத்திரைச் சீட்டின் மேலேயே எழுதுங்கள், உங்கள் போனிலும் குறித்துவையுங்கள்.

இடுப்புத்தளப் பயிற்சி (கர்ப்பப்பையைத் தாங்கும் தசைகளை இறுக்கித் தளர்த்துவது) இறக்கம் லேசாக இருக்கும்போதுதான் நல்ல பலன் தரும். முழுதும் வெளியே வந்ததை அது உள்ளே ஏற்றாது. ஆனால் மலச்சிக்கல், நாட்பட்ட இருமல், தண்ணீர்க்குடம் தூக்குவது ஆகியவற்றைக் குறைத்தே ஆக வேண்டும். இல்லையென்றால் வளையமும் நிற்காது.

ஆபரேஷனையும் வயதைக் காட்டி ஒதுக்கிவிடாதீர்கள். இடுப்புக்குக் கீழ் மட்டும் மரத்துப்போகும் ஊசியிலேயே செய்யலாம். இதய மருத்துவரின் ஒப்புதலும் சர்க்கரைக் கட்டுப்பாடும் தேவை. புண் இருந்தால் முதலில் ஆற வேண்டும். எந்த வழியைத் தேர்ந்தாலும் சிறுநீரக ஸ்கேன் கேளுங்கள். நாட்பட்ட முழு இறக்கத்தில் சிறுநீர்க்குழாய் அழுந்தி, வலியே இல்லாமல் சிறுநீரகம் வீங்கலாம்.

2021-க்கான அரசின் கணிப்பில் தமிழ்நாட்டு மக்களில் 13.6 சதவீதம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள். பிள்ளை பெறும் வயதில் மருத்துவமனைக்கு நடையாய் நடந்த பெண்கள், அதன்பின் இந்தத் தொல்லையை யாரிடமும் சொல்வதில்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு வீட்டுக்கு வரும்போது, இதையும் அவரிடம் சொல்லும்படி அம்மாவைத் தூண்டுங்கள்.

சிறுநீர் அடைத்தாலும், வெளியே வந்தது உள்ளே போகாமல் வீங்கிக் கறுத்தாலும் அன்றைக்கே மருத்துவமனை. ரத்தம் பட்டால் புண் என்று தீர்மானித்து விடாதீர்கள்: மாதவிடாய் நின்றபின் வரும் ரத்தத்துக்கு ஸ்கேனும், தேவைப்பட்டால் கர்ப்பப்பை உட்சுவரின் திசுப் பரிசோதனையும் செய்து, புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும்.