ஓட்டைப் பானைக்கு அலங்காரம்

ஐயா, வணக்கம்.

சத்துவாச்சாரியில் ஒரு வாடகை வீட்டின் முதல் மாடியில் இருக்கிறேன். சென்ற ஜனவரியில் லால்பாக் மலர்க்காட்சி பார்க்க பெங்களூரு போனபோது, ஊதாப் பூவோடு இருந்த இரண்டு ஆர்க்கிட் செடிகளை வாங்கிவந்தேன். அட்டையில் ஃபலனாப்சிஸ் என்று எழுதியிருந்தது. கண்ணாடி போன்ற மெல்லிய பிளாஸ்டிக் தொட்டியில் தந்தார்கள். அது பார்க்க நன்றாக இல்லை. இரண்டு மண்தொட்டிகள் வாங்கி, உள்ளும் புறமும் எனாமல் பெயிண்ட் இரண்டு பூச்சு அடித்து, கண்ணாடிச் சில்லும் சோழியும் ஒட்டி, செம்மண்ணும் தொழுவுரமும் நிரப்பி அவற்றில் நட்டேன். காலையும் மாலையும் தவறாமல் தண்ணீர் ஊற்றினேன். பூ இரண்டு மாதம் நின்றது. அதன்பின் இலைகள் மஞ்சளாகி ஒரு செடி போய்விட்டது. இன்னொன்று இரண்டே இலையோடு நிற்கிறது. “ஊட்டிச் செடியைக் கொண்டுவந்து வேலூரில் வைத்தால் வாழுமா?” என்கிறார் மாமியார். வெயில்தான் காரணமா? மறுபடியும் முயலலாமா? தொட்டிக்கு வண்ணம் தீட்டுவது எனக்கு மிகவும் பிடித்த வேலை, அதை விடவும் மனம் வரவில்லை.

க., சத்துவாச்சாரி

*

அன்புள்ள க.,

உங்கள் செடி வெயிலில் காய்ந்து சாகவில்லை. தண்ணீரில் மூச்சுமுட்டிச் செத்திருக்கிறது. பாலாறு வறண்டு கிடக்கும் ஊரில் ஒரு செடிக்கு இப்படி ஒரு சாவு!

மாமியாருக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஃபலனாப்சிஸ் ஊட்டிச் செடி அல்ல. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா பக்கத்து வெப்பக் காடுகளில் மரத்தைப் பற்றிக்கொண்டு வளர்வது. ஊட்டியின் இரவுக் குளிரில் விட்டால்தான் அது வாடும். அந்தக் காடுகளின் ஈரக்காற்று வேலூரில் கிடையாது என்ற அளவில் அவர் சொல்வது சரி. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும்போது நமக்கே நாக்கு வறள்கிறது. ஆனால் மார்கழி, தை இரவுகளின் குளிர்ச்சி இந்தச் செடிக்கு வேண்டியதுதான். இரவில் 18, 20 டிகிரி என்று சில வாரம் கிடைத்தால்தான் அது பூந்தண்டு விடும்.

மரமில்லாத மலை, நீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று நம் ஊரைப் பற்றி அடுக்குவார்கள். 1981இல் ஜலகண்டேசுவரர் கோட்டைக்குள் திரும்பிவந்ததோடு அந்த வரிசையில் ஒன்று கழன்றது. ஆர்க்கிட் இல்லாத ஊர் என்று புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டாம். ஜவ்வாது மலைப் பக்கம் போனால் பழைய மரங்களின் கிளைகளை அண்ணாந்து பாருங்கள். வார்போன்ற தடித்த இலைகளும், காற்றில் தொங்கும் கயிறுகளாக வேர்களும் தெரிந்தால் அது பெரும்பாலும் வாண்டா டெசெலாட்டா என்ற ஆர்க்கிட். மஞ்சளும் பழுப்புமாகக் கட்டம்போட்ட இதழ்கள், நடுவில் ஊதா நாக்கு, நல்ல மணம். ஊர்க்காரர்கள் இதைப் புல்லுருவி என்று சொல்லிக் கடந்துபோவார்கள். வாண்டா என்ற பெயரே மரத்தின்மேல் முளைக்கும் ஒட்டுச்செடியைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்ததுதான். ஆனால் புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சும். ஆர்க்கிட் அப்படியில்லை, உட்கார இடம் மட்டும் கேட்கும். பறித்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். காப்புக்காட்டில் அது குற்றம், வீட்டில் பிழைப்பதும் அரிது.

உட்கார இடம் மட்டும் கேட்கும் என்றேனே, உங்கள் கேள்விகள் எல்லாவற்றுக்கும் விடை அதில்தான் இருக்கிறது. ஒருநாள் காலையில் நேரம் ஒதுக்கி, நன்றாக இருக்கும் ஓர் ஆர்க்கிட்டின் வேரைப் பாருங்கள். காய்ந்திருக்கும்போது சாம்பல் கலந்த வெள்ளையாக, நூல்கண்டுபோல இருக்கும். அதன்மேல் தண்ணீர் தெளியுங்கள். தெளித்த இடம் கண்ணெதிரே பச்சையாக மாறும். அந்த வெள்ளை, வேரின்மேல் போர்த்திய பஞ்சு உறை. இறந்த செல்களால் ஆனது. காய்ந்திருக்கும்போது அதில் காற்று நிறைந்திருக்கிறது, தண்ணீர் பட்டதும் உறிஞ்சிக்கொண்டு கண்ணாடியாகிவிடுகிறது. உள்ளே இருக்கும் பச்சை அப்போது வெளியே தெரிகிறது. இந்த வேரும் இலையைப்போல ஒளியில் உணவு சமைக்கும். உங்களுக்குப் பிடிக்காத அந்தக் கண்ணாடித் தொட்டி அதற்காகத் தந்தது.

அந்த வேரைச் செம்மண்ணில் புதைத்து, தொழுவுரம் போட்டு, இரு வேளை நீர் ஊற்றி, சுவரையும் எனாமலால் அடைத்துவிட்டீர்கள். பெயிண்ட் அடிக்காத மண்தொட்டி வியர்க்கும். அதன் நுண்துளைகள் வழியாக ஈரம் வெளியேறி ஆவியாகும், அப்போது தொட்டி குளிரும். வீட்டுப் பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பது இப்படித்தான். எனாமல் அடித்த மண்பானையும் பிளாஸ்டிக் வாளியும் ஒன்றுதான், எடைதான் கூடுதல். உங்களை மட்டும் சொல்லவில்லை. டென்ட்ரோபியம் என்ற என் முதல் ஆர்க்கிட்டைத் தங்க நிற ஸ்பிரே அடித்த தொட்டியில் வைத்துப் பார்த்தவன் நான். நாற்பதே நாளில் அழுகியது. நல்லவேளை, அப்போது என்னிடம் யாரும் ஆலோசனை கேட்கவில்லை.

வண்ணம் தீட்டிய தொட்டிகளைத் தூக்கிப் போடாதீர்கள், மணிபிளாண்ட் வையுங்கள். எதிலும் வளரும், எதற்கும் கோபித்துக்கொள்ளாத செடி அது.

இரண்டே இலையோடு நிற்கிறதே, அதை இன்றைக்கே வெளியே எடுத்து மண் போகக் கழுவுங்கள். விரலால் வேரை அழுத்திப் பார்த்தால் நல்லது கெட்டியாக இருக்கும், கெட்டது தோல் வழுக்கிவந்து உள்நரம்பு மட்டும் மிஞ்சும். கெட்டதையெல்லாம் நெருப்பில் காட்டிய கத்தரிக்கோலால் வெட்டிவிடுங்கள். வெட்டிய முனையில் மட்டும் சமையலறைப் பட்டையைப் பொடித்துத் தொட்டு வைக்கலாம். ஒருநாள் நிழலில் ஆறவிட்டு, பிறகு மண்ணே இல்லாமல் நடுங்கள். தேங்காய் மட்டைத் துண்டு, அடுப்புக்கரி, உடைந்த நாட்டு ஓடு, இந்த மூன்றும் போதும். குடியாத்தம் பக்கம் மட்டைக்குப் பஞ்சமில்லை. மட்டையை மட்டும் இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றிக் கொட்டி, அதன் உப்பையும் துவர்ப்பையும் எடுத்துவிட வேண்டும்.

உப்பு என்றதும் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் கெட்ட கதை 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரைக்கும் போனது. உங்கள் தெரு நீர் எப்படியோ, குளியலறைக் குழாயில் வெண்படலம் படிந்தால் அந்த நீர் ஆர்க்கிட்டுக்கு ஆகாது. வேர் நுனி கருகும். மழைநீரைப் பிடித்து வையுங்கள். ஏசி இருந்தால் அதிலிருந்து சொட்டும் நீரையும் ஊற்றலாம். எப்போது ஊற்றுவது என்பதை வேரே சொல்லும்: வெள்ளையானால் ஊற்றலாம், பச்சையாக இருந்தால் பொறுக்க வேண்டும். காலையில் மட்டும் போதும். இலைக்குருத்தில் தேங்கிய நீரைத் துணி நுனியால் ஒற்றிவிடுங்கள், குருத்து அழுகினால் கதை முடிந்தது. கத்திரியில் தொட்டிக்குக் கீழே நனைத்த கோணி விரித்துவையுங்கள். காலை வெயில் சாய்வாக விழும் கிழக்கு ஜன்னல் நல்லது. மேற்கே பார்த்த மொட்டைமாடி வேண்டவே வேண்டாம்.

இனி அலங்காரம். ஆர்க்கிட் தொட்டிக்கு அலங்காரம் அதன் ஓட்டைதான். வாண்டாவைத் தொட்டியே இல்லாமல் மரச்சட்டத்தில் தொங்கவிடுகிறார்கள். ஃபலனாப்சிசுக்குத் தொட்டி வேண்டும், ஆனால் சுவரெல்லாம் காற்று போகிற தொட்டியாக இருக்க வேண்டும். நான் இதற்காகவே மண்பாண்டம் செய்யும் கரிகிரிக்குப் போனேன். பக்கமெல்லாம் துளை வேண்டும் என்றதும் மண்பாண்டக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஓட்டைப் பானைக்கு யாராவது காசு கொடுப்பார்களா, சார்?” செடியைப் பற்றிச் சொன்ன பிறகு ஆர்வமாகிவிட்டார். பச்சை மண்ணில் வெட்டினால் ஓரம் சரிந்துவிடுமாம், முழுக்கக் காய்ந்தபின் வெட்டினால் விரிசல் விடுமாம். பாதி காய்ந்த பதத்தில், விரல் பட்டால் தடம் விழாத நேரம் பார்த்து, மூங்கில் குழலை அழுத்தித் திருகினார். வட்டமான மண்வில்லை ஒன்று மடியில் விழுந்தது. இரண்டு துளைகளுக்கு நடுவே இரண்டு விரல் இடம் விடாவிட்டால் சூளையில் பிளக்கும் என்றார். நான் ஆசைப்பட்டு நெருக்கமாகப் போடச் சொன்ன ஒன்று அப்படியே பிளந்தது.

உங்களுக்குக் கோலம் வருமா? புள்ளி வைப்பதுபோலத் துளைகளை ஒரு தாளில் வரைந்துகொண்டு போங்கள். இலை வடிவம், வைரக்கட்டம், கோயில் மண்டபங்களில் பார்க்கிற கல் ஜன்னலின் வடிவம் எல்லாம் வெட்டலாம். உங்கள் கை வேலை அந்தத் தாளில்தான். வண்ணம் இல்லாமல் மனம் கேட்காது என்றால் காவிக்கல்லைக் குழைத்து வெளிப்புறம் மட்டும் தீட்டுங்கள், துளை அடையாது. சுண்ணாம்பு வேண்டாம், வேர் வெளியே வந்து சுவரில் ஒட்டிப் படரும்போது அதைப் பொசுக்கும். காவி இரண்டு மழையில் கரைந்துபோகும். போனால் போகட்டும், வேறொரு கோலம் போட்டுக்கொள்ளலாம்.

போவதாக இருந்தால் ஐப்பசி மழைக்கு முன்பே போய்விடுங்கள். மழைக்காலத்தில் பச்சைப் பானை எளிதில் காயாது, சூளையும் தள்ளிப்போகும். மாமியாரையும் அழைத்துச் செல்லுங்கள். நல்ல பானையைத் தட்டிப் பார்த்து வாங்க அவருக்குத் தெரிந்திருக்கும், எனக்கு இன்றுவரை அந்தச் சத்தம் பிடிபடவில்லை.