பேஸ் டிராம்போன் மௌத்பீஸ்: கேள்வி பதில்

கேள்வி: டெனர் டிராம்போனில் பாக் நிறுவனத்தின் 6½ஏஎல் மௌத்பீஸ் (உதட்டை வைத்து ஊதும் பகுதி) வைத்திருந்தேன். பேஸுக்கு மாறுகிறேன். எதை வாங்குவது?

பாக் 1½ஜி. அதன் உள்விட்டம் சுமார் 27 மில்லிமீட்டர், உங்களுடையது 25.4. வித்தியாசம் சிறிதுதானே என்று எண்ணாதீர்கள், முதல் வாரம் உதடு யாருடையதோ போல இருக்கும். ஒரு மாதம் பொறுங்கள். பொருத்தும்போது மெல்லத் திருகி வையுங்கள், உள்ளங்கையால் தட்டாதீர்கள்.

கேள்வி: பாக் 1ஜி பெரியதா, ஷில்கி 60 பெரியதா?

ஷில்கி 60, அதன் உள்விட்டம் சுமார் 29 மில்லிமீட்டர். பாக்கில் எண் குறைந்தால் அளவு கூடும், ஷில்கி நிறுவனத்தில் எண் கூடினால் அளவும் கூடும்.

கேள்வி: பெடல் பி பிளாட்டுக்கு (ஸ்லைடை இழுக்காத குழாயின் அடிப்படை ஸ்வரம்) சற்று மேலே உள்ள கீழ் பி வரவே இல்லை. ஷில்கி 60 வாங்கினால் வருமா? ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் வாசிப்பவன் நான்.

உங்கள் கருவியில் எஃப் வால்வு (கூடுதல் குழாயைச் சேர்த்து சுருதியை எஃப்-க்கு இறக்குவது) மட்டும்தான் என்றால் எந்த மௌத்பீஸிலும் வராது. வால்வை அழுத்தியதும் குழாய் நீண்டுவிடுவதால் ஸ்லைடின் (இழுத்து நீட்டும் குழாயின்) இடங்களும் விலகுகின்றன. ஏழுக்குப் பதில் ஆறுதான் மிஞ்சும். ஆறாவதில் சி கிடைக்கும், பி ஸ்லைடைத் தாண்டிப் போய்விடும். சில கருவிகளில் வால்வின் சுருதிக்குழாயை முழுதும் இழுத்து இ-க்கு இறக்கினால் பி அகப்படும். இல்லாவிட்டால் இரண்டு வால்வுக் கருவிதான் வழி. பெடல் பி பிளாட் சிறிய 6½ஏஎல்லிலேயே வரும், ஊதிப் பாருங்கள்.

கேள்வி: இதை ஏற்க முடியாது. பத்து வருடமாக 60 வாசிக்கிறேன். கீழே நாதம் விரிகிறது, களைப்பும் இல்லை.

விரியும், நானா மறுத்தேன்? நீங்கள் தினமும் ஊதுகிறீர்கள். வாரத்துக்கு அரை மணி நேரம் ஊதுபவர் உதட்டில் 29 மில்லிமீட்டரைத் தாங்கும் தசை இராது. சற்று நேரத்தில் மேல் ஸ்வரங்கள் தொய்யும். அவர் கேட்டது இல்லாத ஒரு ஸ்வரத்தை, உங்கள் நாதத்தை அல்ல.

கேள்வி: அப்படியானால் பெரிய மௌத்பீஸே வீணா?

அப்படிச் சொல்லவில்லை. முந்தைய பதிலை மறுபடி படியுங்கள்.

கேள்வி: சிறிய தண்டுள்ள (கருவிக்குள் செருகும் முனை சிறியதான) டெனர் மௌத்பீஸை பேஸில் செருகலாமா?

ஆழமாகப் போய் ஆடும். பெரிய தண்டுள்ளதாக வாங்குங்கள். தட்டி இறுக்கவும் பார்க்காதீர்கள்.

கேள்வி: தங்க முலாம் நாதத்தை மாற்றுமா?

வெள்ளி ஒத்துக்கொள்ளாத உதட்டுக்கு நல்லது. நாதத்துக்காக என்றால் பணம் பையிலேயே இருக்கட்டும்.

கேள்வி: புதிதாகத் தொடங்குபவருக்கு எது நல்லது?

முதல் பதில்.

கேள்வி: என் மௌத்பீஸ் கழன்று வரவில்லை.

தட்டினீர்களா? சரி, இடுக்கியைக் கீழே வையுங்கள். பழுது பார்ப்பவரிடம் அதற்கென்றே ஓர் இழுப்பான் இருக்கும்.