ஃப்ரீசரில் வைத்த பீன்ஸ் ஏன் கெட்டது?

10 கிலோ பீன்ஸைப் பச்சையாகவே நறுக்கி ஃப்ரீசரில் வைத்தீர்கள், இரண்டு மாதத்தில் நிறம் மங்கி வைக்கோல் வாடை வருகிறது என்கிறீர்கள். ஃப்ரீசரில் கோளாறு இல்லை. காயிலுள்ள நொதிகள் உறைகுளிரிலும் மெல்ல வேலை செய்யும். அவற்றை அடக்கத்தான் முதலில் கொதிநீரில் போட்டெடுக்க வேண்டும்.

அரைக் கிலோ காய்க்கு 4 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். காயைப் போட்ட ஒரு நிமிடத்துக்குள் மறுபடி கொதிக்காவிட்டால் காய் அதிகம். கொதி திரும்பியதிலிருந்து 3 நிமிடம், உடனே ஐஸ் தண்ணீரில் 3 நிமிடம். பிறகு துணியில் பரப்பி ஈரம் போக ஒற்றுங்கள். பலர் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். ஒட்டிய நீர் பனியாகிக் காய்களைப் பாளமாக்கிவிடும். தட்டில் ஒரே அடுக்காக உறையவைத்து, பையில் காற்றைப் பிதுக்கி மூடி, மைனஸ் 18 டிகிரியில் வையுங்கள். எட்டு மாதம் சுவை குறையாது.

மீதியைப் பாட்டிலில் அடைத்துத் தண்ணீரில் கொதிக்கவைப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். பீன்ஸில் புளிப்பு குறைவு. பாட்டுலிசம் என்ற கொடிய உணவு நச்சை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் 100 டிகிரியில் சாகாது. காற்றில்லாத பாட்டில் அவற்றுக்கு வசதி. வாடையோ நிறமாற்றமோ இல்லாமலும் நச்சு இருக்கலாம். சமையல் குக்கரும் இதற்கு ஆகாது. அதற்குப் பதில் 5 சதவீத அமிலமுள்ள வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, உப்பிட்டுக் கொதிக்கவைத்துக் காய்மேல் ஊற்றி, குளிர்பெட்டியில் வைக்கலாம்.

உங்கள் தோட்டத்தில் உறைபனி விழ இன்னும் மூன்று வாரம் இருப்பதால் இரண்டு நாளுக்கொருமுறை பறியுங்கள். விதை பருத்த காய் கொடியில் நின்றால் புதுப் பூ குறைந்துவிடும்.