லோகோவை விடுங்கள், பில்லின் திகதியைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தே டிசைன் வேலை செய்கிறேன். தெஹிவளையில் ஓர் உணவகத்துக்கு லோகோ, மெனு, பெயர்ப்பலகை, பார்சல் பெட்டி எல்லாம் செய்து கொடுத்தேன். மொத்தம் 285,000 ரூபா. எட்வான்ஸ் 75,000 தந்தார்கள். மிச்சம் 210,000 இன்னும் வரவில்லை. முதலாளியை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவர் வீட்டுக் கலியாணத்துக்குக்கூடப் போனோம். காசு கேட்டால் "அடுத்த கிழமை பார்ப்பம் தங்கச்சி" என்று வொய்ஸ் நோட் போடுவார். இப்போது கொட்டாஞ்சேனையில் திறந்த இரண்டாவது கிளைக்கும் என் லோகோவையே போட்டுவிட்டார். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த மாதிரி இருக்கிறது. காசு தரும்வரை லோகோ எனக்குத்தானே சொந்தம்? பலகையை இறக்கத் தடையுத்தரவு வாங்கலாமா? அவர்களுடைய பேஸ்புக் பக்கத்துக்கு இன்னும் நான்தான் அட்மின். அதைப் பூட்டி வைக்கட்டுமா? மனம் பொறுக்காமல் "திருடன்" என்று ஒரு பதிவும் போட்டுவிட்டேன்.

பதில்: கடிதத்தின் பெரும்பகுதி முதலாளியின் குணத்தைப் பற்றியது. உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் அண்ணா என்று கூப்பிட்டதும் கலியாண வீட்டுக்குப் போனதும் வழக்கில் ஒரு வரியாகக்கூட வராது. கடைசியில் படமெடுத்து இணைத்திருக்கிறீர்களே மூன்று பில், எனக்கு வேண்டியது அதுதான். லோகோவுக்கு 90,000, சென்ற வருடம் யூன் 3. மெனுவுக்கும் பலகைக்கும் 110,000, யூலை 14. பெட்டிகளுக்கு 85,000, ஓகஸ்ட் 20. இன்று யூன் 12.

முதலில் லோகோ யாருக்குச் சொந்தம் என்பதை முடித்துவிடுவோம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஒருவர் கேட்டுச் செய்வித்த படைப்பின் பொருளாதார உரிமை, அதாவது அதைப் பயன்படுத்திச் சம்பாதிக்கும் உரிமை, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாவிட்டால், செய்வித்தவருக்கே போகும். "காசு வரும்வரை டிசைன் எனக்குச் சொந்தம்" என்பது வேறு நாட்டு டிசைனர்கள் இணையத்தில் எழுதுவதைப் படித்து நம் பிள்ளைகள் நம்பும் விஷயம். இங்கே அது வேண்டுமென்றால் கொட்டேஷனில் எழுதியிருக்க வேண்டும். உங்கள் கொட்டேஷனை இரண்டு முறை வாசித்தேன், அப்படி ஒரு வரி இல்லை. ஆக்கியவர் நீங்கள் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை உங்களிடம் இருக்கிறது, உங்கள் வேலைகளின் தொகுப்பில் தாராளமாகக் காட்டுங்கள். பலகையை இறக்குவதற்கு அது போதாது. அப்படியே வழக்குப் போடுவதென்றாலும் கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், அங்கே ஆகும் செலவு உங்கள் நிலுவையைத் தின்றுவிடும். கொட்டாஞ்சேனைப் பலகையை மறந்துவிடுங்கள்.

இனிக் காசு. எவ்வளவு காலத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்று சொல்லும் எங்கள் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் 1871ஆம் ஆண்டினது, இன்றும் நடைமுறையில் இருக்கிறது. எழுத்து மூல ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம், வாய்மொழி ஒப்பந்தத்துக்கு மூன்று வருடம் என்று பலருக்கும் அரைகுறையாகத் தெரியும். அதே சட்டத்தின் 8ஆம் பிரிவு பலருக்குத் தெரியாது. விற்றுக் கொடுத்த பொருள், கடைக் கணக்கு, செய்து கொடுத்த வேலை, இவற்றுக்கான காசு சேர வேண்டிய நாளிலிருந்து ஒரே ஒரு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். சிறு தொழில் செய்பவர்கள் என்னிடம் வந்து ஏமாந்து திரும்புவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஓர் அச்சகக்காரர் நினைவுக்கு வருகிறார். பத்தாவது மாதத்தில் கோரிக்கைக் கடிதம் அனுப்பினார். பதில் வரும் வரும் என்று காத்திருந்துவிட்டு பதினான்காவது மாதத்தில் என்னிடம் வந்தார். கடிதம் அனுப்பினால் காலக் கணக்கு நின்றுவிடும் என்று அவரிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். நிற்காது. கோரிக்கைக் கடிதம் ஒரு நாளைக்கூட நிறுத்திவைக்காது.

உங்களுடையது எழுத்து மூல ஒப்பந்தம், ஆகவே ஆறு வருடம் என்று வாதிடலாமா? வாதிடலாம். கொட்டேஷனை பிடிஎஃப்பாக வாட்ஸ்அப்பில் அனுப்பினீர்கள், அவர் "ஓகே, செய்யுங்கோ" என்று பதில் போட்டார். 2006ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இருப்பதால் அதை நீதிமன்றத்தில் ஆவணமாக வைக்க முடியும். ஆனால் அது எந்தப் பிரிவுக்குள் அடங்கும் என்பதைப் பற்றி வருடக்கணக்கில் சண்டை பிடிக்க நேரும். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி தன் பதிலில் முதலில் எழுதப்போவது 8ஆம் பிரிவைத்தான். 210,000 ரூபாவுக்காக அந்தப் பந்தயத்தில் இறங்க வேண்டாம். ஒரு வருடம்தான் என்று வைத்துக்கொண்டே நடந்துகொள்ளுங்கள்.

அப்படி வைத்தால் உங்கள் நிலை இது. லோகோ பில்லுக்கு ஒரு வருடம் ஆகி ஒன்பது நாளாகிவிட்டது. எட்வான்ஸை அந்த பில்லில் கழித்தால் அதில் மிச்சம் 15,000 ரூபாதான், அது போனாலும் பரவாயில்லை. எட்வான்ஸை மூன்று பில்லுக்கும் பிரித்துக் கழிக்க வேண்டும் என்று அவர்கள் சொன்னால் இழப்பு கூடும். ஆகவே எட்வான்ஸ் வந்தபோது நீங்கள் கொடுத்த ரசீதில் "லோகோவுக்கு" என்று எழுதியிருக்கிறீர்களா என்று இன்றே தேடிப் பாருங்கள். மெனு பில்லுக்கு யூலை 14 வரை நேரம் இருக்கிறது, அதாவது சரியாக ஒரு மாதமும் இரண்டு நாளும். உங்கள் பெரிய தொகை அதில்தான்.

நேரே மாவட்ட நீதிமன்றத்துக்கு ஓடவும் முடியாது. இந்த அளவு தொகைக்கு, இரு தரப்பையும் பேசவைத்துச் சமரசம் செய்யும் மத்தியஸ்த சபைக்குப் போய், தீரவில்லை என்ற சான்றிதழ் வாங்கிய பிறகுதான் வழக்கு. கடை இருக்கும் பகுதிச் சபையில் இந்தக் கிழமையே விண்ணப்பத்தைக் கொடுங்கள். பெரும்பாலும் வார இறுதியில்தான் கூடுவார்கள். முதல் நாள் எதிர்த்தரப்பு வராவிட்டால் ஒரு கிழமை போய்விடும்.

இதற்கெல்லாம் மேலாக ஒரு வழி இருக்கிறது, அதைத்தான் செய்யச் சொல்வேன். கடன் உண்டு என்று அவர் எழுதிக் கையெழுத்து வைத்தால், அந்த நாளிலிருந்து காலம் புதிதாக ஓடும். பகுதிப் பணம் கட்டினாலும் அதே பலன். வொய்ஸ் நோட் அதற்குப் போதாது, எத்தனை சேர்த்து வைத்திருந்தாலும் சரி. அவர் எப்போதும் குரலிலேயே பதில் சொல்வதைக் கவனித்தீர்களா? காரணத்தோடு செய்கிறாரோ இல்லையோ, கையெழுத்து என்று ஒன்று இதுவரை உங்களிடம் இல்லை. கடை பிரைவேட் லிமிடெட் கம்பனியா, தனி ஆளின் வியாபாரமா என்பதையும் பாருங்கள். கம்பனி என்றால் பணிப்பாளர் கையெழுத்து வேண்டும். கல்லாவில் இருக்கும் தம்பியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்த கட்சிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தாள் யாரையும் கட்டுப்படுத்தவில்லை.

பேஸ்புக் பக்கத்தைத் தொடவே கூடாது. கடவுச்சொல்லை மாற்றினால், பதிவுகளை அழித்தால், 2007ஆம் ஆண்டின் கணினிக் குற்றங்கள் சட்டத்தில் உங்கள் மீது முறைப்பாடு போகும். இன்று காசு கேட்கும் ஆள் நீங்கள், நாளை பொலிஸில் வாக்குமூலம் கொடுக்கும் ஆளாக வேண்டாம். அவர்களுடைய ஆள் ஒருவரை அட்மினாகச் சேர்த்துவிட்டு, ஸ்கிரீன்ஷொட் எடுத்துக்கொண்டு விலகுங்கள். "திருடன்" பதிவை இன்றிரவே நீக்குங்கள். அவதூறு இந்நாட்டில் 2002இலிருந்து குற்றவியல் குற்றமாக இல்லை என்பது உண்மை. நட்டஈடு கேட்டுச் சிவில் வழக்குப் போட அவருக்கு வழி இருக்கிறது, அதற்கு இரண்டு வருட அவகாசமும் இருக்கிறது. உங்களுக்கு ஒரு வருடம், அவருக்கு இரண்டு. காசு தராதவரைத் திருடன் என்று சட்டம் சொல்லாது, கடன்காரர் என்றுதான் சொல்லும்.

சமரசமாகப் போங்கள். உங்கள் கையில் ஒரு நல்ல பிடி இருக்கிறது, நீங்களே அதைக் கவனிக்கவில்லை. கொட்டேஷனில் கொடுப்பதாக எழுதியது ஜேபெக்கும் பிடிஎஃப்பும் மட்டும். திருத்தக்கூடிய இலஸ்ட்ரேட்டர் ஃபைல் இன்னும் உங்கள் கணினியில். இரண்டாவது கிளை திறந்தவருக்குப் பெரிய பலகை, வான் ஸ்டிக்கர், புதிய மெனு விலை என்று அது அடிக்கடி தேவைப்படும். கொட்டாஞ்சேனைப் பலகையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், எழுத்தின் ஓரமெல்லாம் உடைந்திருக்கிறது. ஜேபெக்கை இழுத்து அச்சடித்திருக்கிறார்கள். அந்த ஃபைல்களையும் சேர்த்துத் தருகிறேன், ஒரே தடவையில் 160,000 கட்டுங்கள் என்று கேளுங்கள். 150,000க்கு இறங்கினாலும் எடுத்துக்கொள்ளுங்கள். மனதுக்குக் கசக்கும், தெரியும். வழக்குக்கு ஆகும் செலவையும் அதற்காக நீங்கள் விடப்போகும் வேலை நாட்களையும் கழித்தால், ஜெயித்தாலும் இதைவிட அதிகம் கைக்கு வராது.

தவணையாகத்தான் தருவேன் என்றால் தொகையைக் குறைக்க வேண்டாம். முழு 210,000உம் கடன் என்று எழுதி, தவணைத் திகதிகளைப் போட்டு, அவர் கையெழுத்து வைக்கட்டும். காசு வங்கிக் கணக்குக்கு வரட்டும், கையில் வாங்காதீர்கள். கடைசித் தவணை வந்த பிறகே ஃபைல்.

யூன் கடைசிக்குள் இதில் எதுவும் நடக்காவிட்டால் கொழும்பு நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். மூன்று பில், கொட்டேஷன், எட்வான்ஸ் ரசீது, மத்தியஸ்த சபைக்குக் கொடுத்த விண்ணப்பத்தின் பிரதி, அந்த வாட்ஸ்அப் உரையாடல் இருக்கும் அதே போன், எல்லாம் கையில் இருக்கட்டும். போனை மாற்றும் யோசனை இருந்தால் இப்போதைக்கு மாற்ற வேண்டாம்.