எலெக்ட்ரான்களின் விலக்கு விசை சைக்ளோட்ரான் ஒத்ததிர்வில் ஏன் தெரிவதில்லை?

இருபரிமாணப் படலத்தில் எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று வலுவாக விலக்கியும், வலுவான காந்தப்புலத்தில் அவை சுழலும் அதிர்வெண்ணிலேயே ஒளியை உறிஞ்சுவதை (சைக்ளோட்ரான் ஒத்ததிர்வு) அகச்சிவப்பு ஒளியால் அளந்தால் தனி எலெக்ட்ரானுக்குரிய அதிர்வெண்ணே கிடைப்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் முதலில் இதை அளவீட்டின் குறையென்றே நினைத்தேன். ஆனால் அது குறையன்று, 1961-இல் இயற்பியலாளர் வால்டர் கோன் நிறுவிய தேற்றம்.

காலியம் ஆர்சனைடு என்ற குறைக்கடத்தியில் 10 டெஸ்லா புலத்தில் சைக்ளோட்ரான் ஆற்றல் (அந்தச் சுழற்சி அதிர்வெண்ணுக்குரிய ஆற்றல்) சுமார் 17 மில்லி எலெக்ட்ரான் வோல்ட். அதற்குரிய ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 70 மைக்ரோமீட்டர். எலெக்ட்ரானின் சுழற்சிக்கு அளவுகோலான காந்த நீளமோ வெறும் 8 நானோமீட்டர். எனவே ஒளியின் மின்புலம் எல்லா எலெக்ட்ரான்களையும் ஒரே சீராக அசைக்கிறது. அப்போது நகர்வது கூட்டத்தின் நிறைமையம். ஒன்றையொன்று தள்ளும் விசைகள் சமமாகவும் எதிராகவும் இருப்பதால் அதன் இயக்கத்தில் அவை கணக்கிலேயே வருவதில்லை. (ஆற்றலும் உந்தமும் நேர்விகிதத்தில் அமைந்த, ஓரணுத் தடிமன் கொண்ட கார்பன் படலமான கிராஃபீனுக்கு இத்தேற்றம் பொருந்தாது.)

விலக்கு விசையைப் பார்க்க வேண்டுமானால், எலெக்ட்ரான் அடர்த்தி ஓரிடத்தில் கூடியும் அடுத்த இடத்தில் குறைந்தும் அலையாக ஓட வேண்டும். அந்த மேடுபள்ளத்தைச் சமன்செய்ய முயலும் கூலும் விசை சுழற்சியோடு சேர்ந்துகொள்வதால் அதிர்வெண் உயர்கிறது, இதுவே மேக்னட்டோபிளாஸ்மான்.

இதைவிடச் சுவையானது, மிகக் கீழான லாண்டௌ மட்டத்தில் (காந்தப்புலத்தில் சுழலும் எலெக்ட்ரான்களுக்கு அனுமதிக்கப்பட்ட ஆற்றல் படிகளில் அடிப்படியில்) மூன்றிலொரு பங்கு மட்டும் நிரம்பியிருக்கும் நிலை. அங்கே இயக்க ஆற்றல் எல்லோருக்கும் ஒன்றே என்பதால், மட்டத்துக்குள் எழும் கிளர்ச்சிகள் முழுக்க முழுக்க விலக்கு விசையின் விளைவு. திரவ ஹீலியத்துக்கு ஃபைன்மன் கையாண்ட வழியைப் பின்பற்றி, கிர்வின், மெக்டொனால்ட், பிளாட்ஸ்மன் மூவரும் 1985-இல் இதைக் கணக்கிட்டனர். அலை எண் கூடக்கூட ஆற்றல் முதலில் இறங்கி, அலை எண் காந்த நீளத்தின் தலைகீழைப் போல் சுமார் 1.4 மடங்காகும்போது ஒரு பள்ளத்தைத் தொட்டு, மீண்டும் ஏறுகிறது. அந்தப் பள்ளம்தான் மேக்னட்டோரோட்டான்; படிகமாக உறைய முனைந்தும் உறையாமல் நிற்கும் திரவத்தின் அடையாளமாகவே அதை நான் புரிந்துகொள்கிறேன்.

ஒளி பொருளில் பட்டு ஆற்றல் மாறிச் சிதறும் ராமன் சிதறலில் ஒரு ஒளித்துகள் உள்ளே சென்று மற்றொன்று வெளியே வருவதால், கோன் தேற்றம் போட்ட திரை அங்கே விலகுகிறது. 1993-இல் பின்சுக் குழுவினர் இக்கிளர்ச்சியை அவ்வாறே கண்டனர். வட்ட முனைவாக்கம் பெற்ற ஒளியைக் கொண்டு 2024-இல் வெளியான அளவீடுகள், நீள் அலைநீளத்தில் அது இரண்டு அலகு கோண உந்தம் உடையது என்றும், மூன்றிலொரு பங்கிலும் மூன்றில் இரண்டு பங்கிலும் எதிரெதிர்த் திசைகளில் சுழல்கிறது என்றும் காட்டின. அதற்குக் கிராவிட்டான் என்று பெயரிட்டிருக்கிறார்கள். ஈர்ப்பு விசைக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு ஏதுமில்லை.